பக்கத்தில் நின்ற குழந்தை

செஞ்சி காந்தி பஜாரில் தையல் கடை வைத்திருந்த பொன்னுசாமி, கடைக்கு வருகிறவர்களிடம் தன் மனைவியைப் பற்றி ஒரு பெருமை சொல்லுவான். "எங்க வூட்ல அமிர்தவல்லி இருக்குதே, ஊசியில நூல் கோக்க அதுக்கு வெளிச்சமே வேணாம். காஜா எடுத்துச்சின்னா மிஷின்ல போட்ட மாதிரி இருக்கும்."

அது பொய்யில்லை. அவன் வெட்டித் தைத்துக் கொடுக்கும் சட்டைகளுக்குப் பட்டன் துளையைச் சுற்றி நூல் கட்டிக் காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது எல்லாம் வீட்டில் அவள்தான். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். பிள்ளை இல்லை. அந்த வீட்டில் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அந்தக் கைவேலையால் வந்ததுதான்.

அறுபத்திரண்டாம் வருஷம் அவளுக்கு முப்பத்திரண்டு வயசு. அதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பிருந்தே எதிலாவது இடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். நிலையில் தோள் இடிக்கும். அம்மிக்கல்லில் கால் விரல் மோதும். தெருவில் பக்கவாட்டில் வரும் மாடு, கொம்பு விலாவில் படும்வரை அவளுக்குத் தெரியாது. சாயங்காலம் விளக்கேற்றினால் சுடரைச் சுற்றி நிறம் நிறமாக ஒரு வளையம் நிற்கும். புருவத்துக்கு மேலே வலிக்கும். குனிந்தே தைப்பதால் வருகிற வலி என்று நினைத்து, சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டுக்கொள்வாள்.

கண்ணில் கோளாறு என்று அவளுக்கே தோன்றவில்லை. நேராகப் பார்த்தால் எல்லாம் தெளிவாக இருந்தது. வாசலில் நின்றபடியே ராஜகிரி மலையின் மேல் ஆடு மேய்வதைச் சொல்லுவாள். பார்வை போன இடம் கறுப்பாக இருந்திருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். அது கறுப்பாக இல்லை. அங்கே எதுவுமே இல்லாதது போல இருந்தது. இல்லாத ஒன்றை யார் தேடுவார்கள்?

முதலில் கண்டுபிடித்தவள் தைலம்மாள். பொன்னுசாமியின் தம்பி அரிகிருஷ்ணனின் மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்பு. தைலம்மாளுக்கு இருபத்து மூன்று வயசு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. ஒருநாள் அமிர்தவல்லியின் பக்கத்தில் வந்து நின்று காதருகே கையை ஆட்டிப் பார்த்தாள். அமிர்தவல்லி தன் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள், தண்ணீர் குடித்து அவள் கீழே வைத்த சொம்பைச் சத்தமில்லாமல் ஒரு சாண் தள்ளி வைத்தாள். அமிர்தவல்லி தரையைத் தடவித் தேடினாள். தைலம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, அமிர்தவல்லிக்குப் பக்கத்திலேயே நின்று நாக்கைத் துருத்திக் காட்டினாள். அவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அமிர்தவல்லியும் கூடச் சிரித்தாள்.

அந்த வருஷம் ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அது நடந்தது. அமிர்தவல்லி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பானை வாயில் தட்டை வைத்துத் துணியால் அழுத்திப் பிடித்து, வலது பக்கம் இருந்த சட்டியில் கஞ்சியைச் சாய்க்கத் திரும்பினாள். தைலம்மாளின் மகள் அம்சா, இரண்டரை வயசு, அவளுடைய வலது தோளை ஒட்டி வந்து நின்றிருந்தாள். பானை குழந்தையின் மேல் இடித்தது. கொதிக்கிற கஞ்சி கழுத்திலிருந்து முழங்கைவரை வழிந்தது.

தைலம்மாள் அப்போது வீட்டில் இல்லை. பக்கத்துத் தெருவுக்கு வளையல்காரன் வந்திருக்கிறான் என்று, குழந்தையை அடுப்பங்கரையில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். அலறல் கேட்டுத்தான் ஓடி வந்தாள்.

அம்சா பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். கழுத்துத் தோல் சுருங்கி, தலை வலது பக்கம் சாய்ந்தே நின்றுவிட்டது.

குழந்தை வீடு வந்த பிறகு, வல்லத்திலிருந்து பொன்னுசாமியின் தாய்மாமன் அரங்கநாதனை வரவழைத்தார்கள். கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்தார். குடும்பம் முழுக்கச் சுற்றி நின்றது. நடுவில் அமிர்தவல்லி.

"பாத்துத்தான் ஊத்துனியா?" என்று கேட்டார்.

"சத்தியமா இல்ல மாமா. கொழந்த வந்ததே எனக்குத் தெரியல."

"ஒரு முழம் தூரத்துல நின்ன கொழந்த தெரியலயா?"

"பக்கத்துல இருக்கறது எனக்குத் தெரிய மாட்டேங்குது மாமா. கொஞ்ச நாளாவே அப்படித்தான் இருக்குது."

அன்றுதான் முதல் தடவையாக அதை அவள் வாய்விட்டுச் சொன்னாள். சொல்லும்போதே, உண்மை அதுதான் என்று அவளுக்கும் உறைத்தது.

மாமியார் கமலாம்பாள் உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் இருப்பதிலேயே பொடி ஊசி ஒன்றும் ஒரு முழம் வெள்ளை நூலும் இருந்தன. "கண்ணு தெரியலன்றா இல்ல? எங்க, இத கோக்கட்டும் பாக்கலாம்."

அமிர்தவல்லி நினைத்திருந்தால் கையை நடுங்கவிட்டிருக்கலாம். நூலைத் தவறவிட்டு, முடியவில்லை என்று அழுதிருக்கலாம். அவளுக்கு அது தோன்றவில்லை. கேட்டதைச் செய்தால் நம்புவார்கள் என்று நினைத்தாள். நூல் முனையை எச்சில் தொட்டு முறுக்கி, ஊசியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, முதல் தடவையிலேயே கோத்து நீட்டினாள்.



"பாத்துக்க தம்பி," என்றாள் கமலாம்பாள் தன் உடன்பிறந்தவரிடம். "ஊசிக் காது தெரியுது. கொழந்த தெரியல. வயித்தெரிச்சல்டா. தனக்கு ஒண்ணு பொறக்கலன்னு அடுத்தவ புள்ளய வேகவெச்சிட்டா."

"அத்த, அது வேற, இது வேற அத்த. நேரா இருக்கறது தெரியுது..."

"வாய மூடு," என்றான் பொன்னுசாமி. துணி அளக்கிற கெஜக்கோலை எடுத்து வந்து, எல்லார் முன்னாலும் அவள் முதுகில் அடித்தான். பக்கவாட்டில் ஓங்கிய கோலை அவள் பார்க்கவில்லை. அதனால் ஒதுங்கவும் இல்லை. ஒதுங்காமல் நிற்பது திமிர் என்று நினைத்து அவன் இன்னும் இரண்டு அடித்தான்.

தைலம்மாள் தூணோரம் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரியும். சொம்பைத் தள்ளி வைத்த கதையை அவள் சொல்லியிருந்தால் அங்கேயே விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அடுத்த கேள்வி அவளிடம் வரும். தெரிந்தும் ஏன் குழந்தையை அவளிடம் விட்டுவிட்டு வளையல் போட்டுக்கொள்ளப் போனாய் என்று கேட்பார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை.

அன்று முதல் அமிர்தவல்லி அடுப்பங்கரைக்குள் போகக்கூடாது. குழந்தை இருக்கும் இடத்தில் இருக்கக்கூடாது. பின்கட்டில் மாட்டுத் தொழுவத்தை ஒட்டி இருந்த அறையில் பாயும் துணி மூட்டையும் போட்டுக் கொடுத்தார்கள். சோறு அங்கேயே வரும். பொன்னுசாமி கடையிலிருந்து சட்டைகளைக் கொண்டுவந்து போடுவான். முடிந்ததை எடுத்துப் போவான். காஜா மட்டும் எப்போதும் போல ஒழுங்காக இருந்தது.

அம்சாவுக்குப் பேச்சு தெளிந்ததும் தைலம்மாள் முதலில் சொல்லிக்கொடுத்தது பின்கட்டைக் காட்டி, "பெரிம்மா சுட்டுடுவா." குழந்தை அதையே திருப்பித் திருப்பிச் சொன்னது. தலையைச் சாய்த்தபடி தூரத்தில் நின்று, "சுட்டுடுவா, சுட்டுடுவா," என்று கைதட்டும். கேட்டு எல்லாரும் சிரிப்பார்கள். அமிர்தவல்லி தைத்துக்கொண்டே இருப்பாள்.

வெளியே போவதும் நின்றுபோனது. சந்தையில் ஒரு தடவை கத்தரிக்காய்க் கூடையை மிதித்துவிட்டாள். கூடைக்காரி, "கண்ண எங்கடி வெச்சிருக்க?" என்று கத்தினாள். பக்கத்தில் நின்ற ஒருத்தி, "அவளுக்கா கண்ணு தெரியாது? ஊசிக் காதுல பூந்து வருவா," என்றாள். கதை ஊர் முழுக்கப் பரவியிருந்தது. தெரிந்தவர்கள் எதிரே வராமல் பக்கமாகக் கடந்து போனால் அவளுக்குத் தெரியாது, பேசாமல் போய்விடுவாள். செய்ததையும் செய்துவிட்டுத் தலைக்கனம் வேறே என்றார்கள்.

எல்லாவற்றையும்விட ஒரு எண்ணம்தான் அவளை அரித்தது. குழந்தை வந்தது உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லையா? தைலம்மாள் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிந்ததே. அந்த எரிச்சல்தான் கையைத் தள்ளியதோ? இத்தனை பேர் சொல்கிறார்களே, எல்லாருமா பொய் சொல்லுவார்கள்? தைத்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் காலையைத் திரும்ப நினைத்துப் பார்ப்பாள். பானை, ஆவி, துணி, சட்டி. குழந்தை எங்கே நின்றது என்று எத்தனை தேடினாலும் தெரியவில்லை. தெரியாததால் அவளுக்குத் தன்மேலேயே நம்பிக்கை போயிற்று.

அறுபத்து நாலாம் வருஷம் கோடை லீவில், பள்ளிக்கூடக் கட்டடத்தில் வெளியூர் டாக்டர்கள் கண் முகாம் போட்டார்கள். கமலாம்பாளுக்குக் கண்ணில் புரை. அவளைக் காட்டுவதற்காகக் கூட்டிப் போனார்கள். பை தூக்க ஆள் வேண்டும் என்று அமிர்தவல்லியையும் அழைத்துப் போனார்கள்.

வரிசை நகர்ந்தபோது, உள்ளே வருகிற எல்லாரையும் ஒரு ஆள் எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னான். அமிர்தவல்லி அஞ்சாங்கிளாஸ் படித்தவள். கடைசி வரியின் பொடி எழுத்துவரை தட்டுத்தடங்கல் இல்லாமல் படித்தாள். "உனக்கு ஒண்ணுமில்ல, போ," என்றான். திரும்பி நடந்தவள், பக்கத்தில் இருந்த பெஞ்சில் இடித்து அதோடு சாய்ந்து விழுந்தாள்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த டாக்டர் அதைப் பார்த்தார். "அந்தம்மாவ இங்க கூப்பிடுங்க," என்றார்.

எதிரே உட்கார வைத்தார். "என் மூக்கையே பாருங்க. கண்ணத் திருப்பக்கூடாது. என் விரல் எப்பத் தெரியுதோ அப்பச் சொல்லுங்க." பக்கத்திலிருந்து விரலை மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தார். அவள் சொல்லவில்லை. விரல் ஏறக்குறைய அவர் மூக்கைத் தொடும்போதுதான், "தெரியுது," என்றாள். மேலே, கீழே, இடது, வலது எல்லாப் பக்கமும் அப்படியே. பிறகு படுக்க வைத்து, கண்ணில் மருந்து விட்டு, ஒரு சின்னக் கருவியைக் கண்மணியின் மேல் வைத்துப் பார்த்தார்.

"எத்தன வருஷமா இப்படி?"

"நாலஞ்சி வருஷம் இருக்கும்."

"இதுக்கு குளுக்கோமான்னு பேரு. கண்ணுக்குள்ள நீரோட அழுத்தம் ஏறிப்போயிருக்கு. அது பார்வை நரம்ப ஓரத்துலேர்ந்து சாகடிச்சிக்கிட்டே வருது. நடுவுல மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. ஒரு குழாய் வழியாப் பாக்கற மாதிரி. போனது திரும்ப வராதும்மா. மிச்சத்தக் காப்பாத்தலாம். தினம் சொட்டு மருந்து விடணும். மெட்ராசுக்கு வந்தா ஆபரேஷன் பண்ணலாம். சீக்கிரம் வரணும்."

அவள் அதையெல்லாம் கேட்டமாதிரி தெரியவில்லை. "எம் பக்கத்துல, இங்க, தோளுகிட்ட, ஒரு கொழந்த நின்னா எனக்குத் தெரியுமா டாக்டரய்யா?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி?"

"அப்பவும் தெரிஞ்சிருக்காது."

"ஊசியில நூல் கோத்தாக்கூடவா?"

"கோக்கலாம். அது நடுப்பார்வை. அதுவும் இதுவும் வேற வேற."

அமிர்தவல்லி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பார்வை போகப்போகிறது என்று அழுகிறாள் என்று நினைத்து டாக்டர் தேறுதல் சொன்னார். அவள் சந்தோஷத்தில் அழுதாள். தான் அதைச் செய்யவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. "இதத் தமிழ்ல எழுதிக் குடுங்க," என்றாள். டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம், பக்கப் பார்வை முழுவதும் போய்விட்டது, நேர்ப்பார்வை மட்டும் உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் கூடத்துக்கு வந்தாள். பொன்னுசாமி, அரிகிருஷ்ணன், தைலம்மாள், முகாமிலிருந்து வந்த கமலாம்பாள் எல்லாரும் இருந்தார்கள். சீட்டை உரக்கப் படித்தாள். "டாக்டர் சொல்லிட்டாரு. கொழந்த எனக்குத் தெரிஞ்சிருக்காதாம். நான் வேணும்னு ஊத்தல அத்த."

தைலம்மாள்தான் முதலில் பேசினாள். "அதான் எனக்கு எப்பவோ தெரியுமேக்கா. நீ சொம்பத் தேடித் தடவறத நான் பாத்ததில்லையா?" சாதாரணமாகச் சொன்னாள். சொன்னதால் இனி ஒன்றும் ஆகாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அமிர்தவல்லி அவள் முகத்துக்கு நேராகத் திரும்பிப் பார்த்தாள். "தெரிஞ்சா அன்னிக்கு ஏன் சொல்லல?"

"யாரு கேட்டாங்க?"

கமலாம்பாள் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அவளுக்குப் படிக்கத் தெரியாது. "அப்ப நெஜமாவே குருடியா நீ? மலடின்னு தலையில கட்டனது போதாதுன்னு குருடி வேறயா? கல்யாணத்தப்பவே உங்க வூட்ல மறைச்சிட்டாங்க."

"அப்ப இல்ல அத்த, இப்பத்தான்..."

ஒருவரும் குழந்தையைப் பற்றிப் பேசவில்லை. அடித்ததைப் பற்றிப் பேசவில்லை. பொன்னுசாமி சீட்டை இரண்டு தடவை படித்தான். பிறகு கேட்டான். "காஜா எடுக்க முடியுமா முடியாதா? அதக் கேட்டியா டாக்டர?"

"மருந்து விட்டா முடியும். மெட்ராசுல ஆபரேஷன் பண்ணா..."

"ஆபரேஷனா? தீபாவளி முடியட்டும் பாக்கலாம்."

சொட்டு மருந்து பாண்டிச்சேரியில் கிடைத்தது. துணி எடுக்கப் போகும்போது பொன்னுசாமி வாங்கி வந்தான், அதை மறுக்கவில்லை. ஒரு நாளைக்கு நாலு வேளை விடவேண்டும். விட்டால் புருவம் பிளக்கிறமாதிரி வலித்தது. அதைப் பொறுத்துக்கொண்டாள். இன்னொன்றுதான் பொறுக்க முடியவில்லை. மருந்து விட்டதும் பட்டப்பகலிலேயே விளக்கைத் தணித்த மாதிரி எல்லாம் இருண்டுபோகும். அந்த இருட்டில் வெள்ளைச் சட்டையில் வெள்ளை நூல் தெரியாது. முன்பு ஒரு நாளைக்குப் பத்துச் சட்டை முடித்தவள் நாலுதான் முடித்தாள். காஜா கோணியது. ஒருநாள் பொன்னுசாமி ஒரு சட்டையை அவள் மடியில் வீசினான். "வாத்தியார் திருப்பிக் குடுத்துட்டாரு. இதத் தைக்கறதுக்கு நீ இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்."

தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. மூட்டை மூட்டையாகச் சட்டைகள் வந்து விழுந்தன. அவள் காலை வேளை மருந்தை நிறுத்திப் பார்த்தாள். வெளிச்சம் வந்தது. கை பழையபடி ஓடியது. மறுநாள் பகல் வேளையையும் நிறுத்தினாள். பொன்னுசாமி சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, "இப்பத்தான் ஒழுங்கா இருக்குது," என்றான். மருந்து விடவில்லை என்று அவள் சொன்னாள். "வலிக்கலன்னா எதுக்கு விடணும்?" என்றான். டாக்டர் சொன்னது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவனுக்கும் இருந்தது. மிச்சப் பார்வையைச் செலவழித்துத்தான் இந்த அறையும் சோறும் கிடைக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. காப்பாற்றி வைத்துக்கொண்டால் அந்தப் பார்வையோடு தெருவில்தான் நிற்க வேண்டும்.

தீபாவளிக்குப் பிறகு பொங்கல் வந்தது. பொங்கலுக்குப் பிறகு பள்ளிக்கூடச் சட்டைகள் வந்தன. மெட்ராஸ் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பாண்டிச்சேரி மருந்தும் நின்றது.

அறுபத்தாறாம் வருஷம் தை மாதம் இடது கண் அணைந்தது. வலது கண்ணில் ஒரு பட்டன் அளவுக்கு உலகம் மிச்சமிருந்தது. தலையை ஆட்டி ஆட்டி அந்த அளவுக்குள் துணியைக் கொண்டுவந்து தைத்தாள். ஆடி மாதம் அதுவும் போயிற்று. இரண்டு நாள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. விரலால் தடவித் தடவியே ஒரு சட்டைக்குக் காஜா எடுத்து வைத்தாள். நூலில் ரத்தம் இருந்ததைப் பொன்னுசாமிதான் பார்த்தான்.

அடுத்த வாரமே காஜா எடுக்க ஒரு பெண் கடைக்கு வந்தாள். பிறகு வீட்டுக்கும் வந்தாள். அவள் சிரிப்புச் சத்தம் கூடத்திலிருந்து பின்கட்டுவரை கேட்டது.

"உங்க அண்ணன் வூட்ல பத்து நாள் இருந்துட்டு வா," என்றான் பொன்னுசாமி. அமிர்தவல்லியின் ஊர் தளவானூர். அண்ணன் தனகோட்டி அங்கே கூலிக்குக் கடலை பிடுங்குகிறவன். ஒரு மஞ்சள் பையில் இரண்டு புடவையை வைத்துக் கொடுத்தார்கள். கிளம்பும்போது தைலம்மாள், "பாத்துப் போக்கா," என்றாள். யாரோ சிரித்தார்கள்.

பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஊருக்குள் நடக்க வேண்டும். பொன்னுசாமி அவளை ரோட்டோரம் ஒரு மரத்தடியில் உட்கார வைத்தான். "வெயிலா இருக்குது. இங்கயே இரு. நான் போயி உங்க அண்ணனக் கூட்டியாறேன்."

"சீக்கிரம் வாங்க."

"வந்துடறேன்."

காலடிச் சத்தம் ஊர்ப்பக்கம் போகவில்லை. ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பீடி வாசனை வந்தது. ரொம்ப நேரம் கழித்து ஒரு பஸ் வந்து நின்றது. "செஞ்சி, செஞ்சி," என்று கண்டக்டர் கத்தினான். என்ஜின் இரைச்சலுக்கு நடுவே அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல் கேட்டது.

"செஞ்சி. ஒண்ணு."

அவள் எழுந்திருக்கவில்லை. கூப்பிடவும் இல்லை. பஸ் போன புழுதி முகத்தில் படிந்தது. துடைத்துக்கொண்டாள்.

வெயில் சாயும் நேரத்தில் கடலைக் கொல்லையிலிருந்து திரும்பிய பெண்கள் அவளைப் பார்த்து ஊருக்குள் சொல்லி, தனகோட்டி ஓடி வந்தான். தங்கச்சியின் கண்களைப் பார்த்துவிட்டு, அவள் மடியிலிருந்த மஞ்சள் பையை வாங்கிக்கொண்டான். அவன் பின்னாலேயே வந்த அவன் மனைவி, "எத்தினி நாளைக்கி?" என்று கேட்டாள்.

"மாப்ள எங்கம்மா?" என்றான் தனகோட்டி.

"தண்ணி குடிக்கப் போயிருக்காரு."

அவன் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தான். மாப்பிள்ளை வந்தால் மரியாதையாக இருக்க வேண்டுமே என்று, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு காத்து நின்றான். அவன் மனைவி கடலைச் செடிக் கட்டை இறக்கி வைத்துவிட்டு முணுமுணுத்தபடி உட்கார்ந்தாள். ஒரு பஸ் வந்தது, நிற்காமல் போனது. இன்னொன்று வந்து நின்று யாரையோ இறக்கிவிட்டுப் போனது.

"அவரு வரமாட்டாருண்ணா," என்றாள் அமிர்தவல்லி. "கையப் புடி. போலாம்."